காத்தாயியின் கல்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறீர்களா, சார்? போதும், போதும். இந்தக் கலசம் சாயாமல் இருந்தால் சரி. கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னார், முடியாது என்றேன். சீட்டுக்குக் கீழே வைக்கச் சொன்னார், அது இன்னும் முடியாது என்றேன். "அப்படி என்ன சார் அதுல?" என்றார். அஸ்தி என்றேன். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை, கவனித்தீர்களா? டிக்கெட்டைக்கூட எட்டி நின்றுதான் நீட்டினார்.

நீங்கள் அப்படி ஒதுங்க வேண்டாம். அவ்வளவு பயப்பட வேண்டிய பொருள் இல்லை இது. ஏன் என்று சொல்கிறேன். வீட்டுக்குப் போவதற்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். புதுச்சேரி வரைக்கும்தானே? நல்லது. மூன்று மணி நேரம் இருக்கிறது.

நான் பிரெஞ்சு வாத்தியார். முப்பத்தொரு வருடம். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் யாராவது தப்பாக உச்சரித்தால் தொண்டை அரிக்கும். நான் பேசுவதும் கொஞ்சம் புத்தகம் மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "நீங்க சண்டை போடும்போதுகூட முற்றுப்புள்ளி வைக்கிறீங்க" என்பாள் என் மனைவி கோமளா.

கோமளாவுக்கு ஓர் அக்கா, அமிர்தா. அமிர்தாவின் வீட்டுக்காரர் தணிகாசலம், என் சகலை. அவரைப் போன்றவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்கள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். அந்த ஒன்பதிலும் பிரெஞ்சுப் பாடத்தில் தவறியவர். ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். எப்படி என்கிறீர்களா? 1962-இல் புதுச்சேரிக்காரர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், குடியுரிமை வேண்டுகிறவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம் என்று. அவர் அப்பா போய்ப் போட்டார். என் அப்பாவும் போனார். "இந்த வெயில்ல யார் வரிசையில நிக்கிறது" என்று திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். பதினேழாம் நூற்றாண்டு நாடகங்களை மனப்பாடமாகச் சொல்லும் நான் விரல் ரேகை வைத்து விசாவுக்கு நிற்கிறேன். வினைச்சொல்லை விறகு மாதிரிப் பிளக்கும் தணிகாசலம் கையை வீசிக்கொண்டு உள்ளே போகிறார். பொறாமை என்று நினைக்காதீர்கள். தகவலுக்காகச் சொன்னேன்.

அமிர்தா போன வருடம் ஆகஸ்டில் அங்கேயே இறந்துவிட்டாள். பெல்வெர்னாக் என்று ஒரு கிராமம், பிரான்ஸின் நடுவில், வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துவிடும். அந்த நாட்டில் அஸ்தியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தகன நிலையத்திலேயே ஒரு வருடம் வரை வைத்துக்கொள்வார்கள், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு ஏற்கெனவே எடுத்ததுதான். எங்கள் ஊர்க் கடல். ஆனால் சகலைக்கு நுரையீரலில் ஏதோ கோளாறு. நடக்கலாம், பறக்கக் கூடாது என்று டாக்டர். ஆகவே நான் போய்க் கொண்டுவருவது என்று ஏற்பாடு.

கிளம்பும் நாளன்று கோமளா வாசலில் நிறுத்திச் சொன்னாள். "அக்கா போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எங்கிட்ட போன்ல சொன்னா. 'எப்படியாவது என்னை நம்ம கடலுக்குக் கொண்டாந்துடு, இங்க விட்டுடாதே'ன்னு. மாமா மனசு கஷ்டப்படும்னு அவர்கிட்ட சொல்லல. நீங்க பக்குவமா சொல்லிடுங்க. அக்கா ஆசைன்னு அவருக்கும் தெரியணும்."

பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் சார், இந்த வாக்கியத்தை.

போய் இறங்கியதும் சகலை சொன்னார், "காகிதமெல்லாம் கைக்கு வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் நாலு இடம் பார்க்கலாம். இங்க சுத்தி எல்லாம் பழைய கல்லு. இருபத்தெட்டு வருஷமா இருக்கேன், எது என்னன்னு தெரியாது. நீங்க படிச்சவரு, பார்த்தா சொல்லிடுவீங்க."

படித்தவரிடம் இப்படிச் சொல்லக் கூடாது சார். தெரியாது என்ற சொல் அதோடு வாயிலிருந்து போய்விடுகிறது.

தினமும் காலையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கிளம்புவோம். அந்த நாட்டில் நடைபாதைகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மரத்திலும் கல்லிலும் வண்ணம் தீட்டியிருப்பார்கள். மஞ்சள் கோடு என்றால் ஊரைச் சுற்றும் பாதை. வெள்ளையும் சிவப்பும் என்றால் நாட்டைக் கடக்கும் நெடும்பாதை. கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் இந்தப் பக்கம் போகாதே என்று பொருள். கைகாட்டி இல்லை, காவல்காரன் இல்லை, ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். மனிதர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் நான் யோக்கியன். ஓடைக்கு மேல் ஒரு பாலம், 'ரோமர் பாலம்' என்று பலகை. நான் சொன்னேன், "சகலை, இது ரோமர் பாலம் இல்லை. இந்த நாட்டில் வளைந்த பழைய பாலத்தை எல்லாம் ரோமர் கட்டியது என்பார்கள், நம் ஊரில் பாறையில் குழி இருந்தால் பீமன் அரிசி களைந்த இடம் என்பதுபோல. இதற்கு இருநூறு வயதுக்கு மேல் இருக்காது." அவர் பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டை எடுத்தார். "தேதி என்ன சகலை?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். தமிழில்தான் எழுதுவார், பெரிய பெரிய எழுத்தாக.

மூன்றாம் நாள், கஷ்கொட்டைக் காட்டுக்குள் ஒரு முழ உயரக் கல். மேலே ஓர் எழுத்து வெட்டியிருந்தது. "இது என்ன சகலை?" எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார் சார். நான், "இது உப்புவரி எல்லைக்கல்" என்றேன். "இதற்கு அப்புறம் உப்பு விலை வேறு. கடத்தல்காரர்கள் இந்தக் காட்டில்தான் ஒளிந்திருப்பார்கள்."

"அப்படியா! தேதி?"

"1680."

பிறகு பார்த்தால் ஊருக்குள் இருபது இடத்தில் அதே எழுத்து, அதே கல். குடிநீர்க் குழாய் போகும் வழிக்குப் போட்ட அடையாளம். ஆனால் நோட்டில் ஏறிவிட்டது. தேதி மட்டும் சரி சார், உப்புவரிச் சட்டம் 1680-தான். பொய் சொன்னாலும் தேதி சரியாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அதற்குப் பிறகு எனக்கு ருசி கண்டுவிட்டது. வட்டமான புறாக்கூண்டுக் கோபுரத்தில் ஒரு பாதிரியாரை ஏழு வாரம் ஒளித்து வைத்தேன். கூரை விழுந்த சிறு கோயிலில் இரண்டு சகோதரர்களைச் சண்டை போட வைத்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா!" என்பார், தேதி கேட்பார். அந்த நாட்டுக் குடிமகனுக்கு அவன் நாட்டின் சரித்திரத்தை நான் உட்கார்ந்து ஆக்கிக் கொடுக்கிறேன் என்பதில் ஒரு சின்ன திருப்தி இருந்தது. சின்னதுதான்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, சாயங்காலம் நான் குளித்துவிட்டு வரும்போது கூடத்தில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். அமிர்தா படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சகலை அந்த நோட்டை வாசித்துக்கொண்டிருந்தார். "உப்பு வரிக் கல்லு. அறுநூத்தி... ஆயிரத்து அறுநூத்தி எண்பது. கேட்டியா? நீ ரெண்டு தடவ கேட்டியே, இது என்னன்னு."

என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டார். "அவ கேட்டுக்கிட்டே இருப்பா சகலை. நடக்கும்போது அது என்ன, இது என்னன்னு. எனக்குச் சொல்லத் தெரியாது. கல்லுதான்டி, வா அப்படீம்பேன்."

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அதற்கு என்ன காரணம் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும்.

அதோ, மாமல்லபுரம் திரும்பும் வழி. அங்கே ஒவ்வொரு பாறைக்கும் கதை சொல்கிறார்களே, இறங்கிப் போய்க் கேட்கலாமா சார், ராத்திரி உங்களுக்கெல்லாம் தூக்கம் வருகிறதா என்று?

சரி. துவைதுறைக்கு வருகிறேன். அந்த நாட்டுக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஊற்றையொட்டி ஒரு பொதுத் துவைதுறை உண்டு. ஓடு வேய்ந்த கூரை, நடுவில் தொட்டி, தொட்டியின் விளிம்பு உள்பக்கம் சரிந்திருக்கும். பெண்கள் அந்த விளிம்பில் முழங்காலிட்டுத் துவைப்பார்கள், மரக்கட்டையால் தட்டி. இப்போது யாரும் துவைப்பதில்லை, பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். பெல்வெர்னாக் துறை ஊர்க்கோடியில், மஞ்சள் கோட்டுப் பாதையில் இருக்கிறது. அங்கே, தொட்டியிலிருந்து தண்ணீர் ஓடையில் விழும் இடத்தில், தனியாக ஒரு பலகைக்கல். இடுப்பு உயரத்துக்குச் சாய்த்து நட்டது. முகம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது சார், அது பொய் இல்லை. பார்த்த உடனே தெரிந்தது, இது நம் ஊர்த் துவைக்கிற கல். நின்றுகொண்டு, துணியை முறுக்கித் தலைக்கு மேல் தூக்கி அடிக்கிற கல். முழங்காலிட்டுத் துவைக்கிற ஊரில் இதற்கு என்ன வேலை?

சகலை பக்கத்தில் நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் அறியாமை என்று எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

"சகலை, இந்தக் கல்லில் ஒரு தமிழ்ப் பெண் துவைத்திருக்கிறாள்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காத்தாயி என்று பெயர்" என்றேன். பெயர் தானாக வந்தது. "1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தள்ளினார்கள். வீடிழந்த பிரெஞ்சு அதிகாரிகள் கப்பலேறினார்கள். ஒருவன் இந்த ஊர்க்காரன். தன் வீட்டில் வேலை செய்த காத்தாயியையும் கூட்டி வந்துவிட்டான். இங்கே யாருக்கும் அவள் பேச்சு புரியாது. இந்தப் பெண்களைப்போல முழங்காலிட அவளுக்கு வரவில்லை. ஒரு கல்லை நிறுத்தச் சொல்லி, நின்றுகொண்டு துவைத்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். சாகும்வரை இங்கேதான்."

புதுச்சேரியை இடித்தது உண்மை. அதிகாரிகள் கப்பலேறியது உண்மை. சிலர் வேலைக்காரப் பெண்களை அழைத்துப் போனதும் உண்மை. இத்தனை உண்மைக்கு நடுவில் ஒரே ஒரு காத்தாயி. அதைப் போய்ப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியுமா?

சகலை அந்தக் கல்லின் மேல் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. நோட்டு அவர் கையிலேயே இருந்தது, திறக்கவில்லை. முதல்முறையாகத் தேதி கேட்கவில்லை. நான் எவ்வளவு உருக்கமாகச் சொல்லிவிட்டேன், மனிதர் தேதியையே மறந்துவிட்டார் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கேட்டார். "அவ ஊருக்குப் போகணும்னு கேக்கலையா, சகலை?"

"யார்?"

"அவதான். காத்தாயி."

இங்கேதான் சார். இந்த இடத்தில்தான். ஏங்கி ஏங்கிச் செத்தாள் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதைக்கு எது அழகு என்று என் புத்தி போயிற்று. அழுகையில் முடித்தால் மலிவாக இருக்கும் என்று தோன்றியது. "ஒருநாளும் கேட்கவில்லை" என்றேன். "கடைசிக் காலத்தில் யாரோ கேட்டார்களாம். இந்தத் தண்ணீர்தான் என் தண்ணீர், என்னை இங்கேயே விட்டுவிடுங்கள் என்றாளாம்."

"அப்படியா" என்றார். ஆச்சரியக்குறி இல்லாமல்.

மறுநாள் அவர் காலையிலேயே துறைக்குப் போய் அந்தக் கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துவிட்டு வந்தார். அதற்கு மறுநாள், காபி குடிக்கும்போது சொன்னார்: "சகலை, ஒண்ணு கேட்டா கோமளா கோவிச்சுக்குவாளா? அமிர்தாவ இங்கயே விட்டுடலாம்னு இருக்கேன். அந்தக் கல்லுகிட்ட."

எனக்குக் காபி மூக்கில் ஏறியது. கோமளா வாசலில் நின்று சொன்னது அப்படியே காதில் கேட்டது. இங்க விட்டுடாதே. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? பின்னே காத்தாயி? காத்தாயி பொய் என்றால் பாதிரியார்? உப்புக் கல்? அமிர்தா படத்துக்கு முன்னால் வாசித்த அத்தனையும்? ஒரு கல்லை உருவினால் கட்டடம் முழுக்க விழும். ஒரு நாள் போகட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெருக்கல் குறி தெளிவாகத் தெரிந்தது சார். தாண்டித்தான் போனேன்.

அங்கே அஸ்தியை ஓடையில் விட ஊர் மன்றத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். சகலைக்குப் பிரெஞ்சில் எழுத வராது. நான் எழுதிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். என் வாழ்நாளில் ஒரு பிரெஞ்சு அரசு அலுவலகத்துக்கு நான் எழுதிய ஒரே கடிதம் அது. மேயர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "இப்படி எழுதுகிறவர்கள் எங்கள் நாட்டிலேயே இப்போது இல்லை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கேவலம் பாருங்கள், பெருமையாக இருந்தது.

புதன்கிழமை காலையில் விட்டோம். சகலை பேண்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கலசத்தின் முத்திரையை உடைத்து, கல்லின் அடியில் மெதுவாகச் சாய்த்தார். "இனிமே முட்டி வலிக்காதும்மா" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. கரையில் நின்று சட்டையில் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எனக்கு வந்த பயமெல்லாம் கோமளாவைப் பற்றியது. விமான நிலையத்திலிருந்து நேராக வரச் சொல்லியிருக்கிறாள், நாளை விடியற்காலையில் கடற்கரையில் எல்லாம் ஏற்பாடு, ஐயர் வரை சொல்லியாகிவிட்டது. வெறும் கலசத்தோடு எப்படிப் போவது? கொல்லையில் விறகு வைக்கும் கொட்டகையில் ஒரு வாளி நிறைய அடுப்புச் சாம்பல் இருந்தது. குளிர்காலத்தில் கணப்பில் எரித்த ஓக் விறகு. மாவு மாதிரி இருந்தது. சகலை கடைக்குப் போயிருந்த நேரத்தில் கலசத்தை நிரப்பினேன். மூடியைச் சுற்றி மெழுகுவத்தி உருக்கி ஒட்டினேன். வெள்ளைத் துணி கட்டினேன்.

ஆமாம் சார். இதுதான். அதனால்தான் ஒதுங்க வேண்டாம் என்றேன்.

தூதரகக் காகிதம் நிஜம், காகிதத்தில் உள்ள முத்திரை நிஜம், கலசத்துக்குள் இருப்பதுதான் விறகு. சென்னையில் சுங்க அதிகாரி ஒருவர் காகிதத்தைப் படித்துவிட்டு, எழுந்து நின்று, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

மரக்காணம் தாண்டிவிட்டோமா? உப்பளம் தெரிகிறதே. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, கேளுங்கள். இதுவரைக்கும் சொன்னதோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். பொய்யோடு வாழ்வது அவ்வளவு கடினம் இல்லை.

நேற்றுக் காலை கிளம்பும்போது பக்கத்து வீட்டு மதாம் ஒடேத் வந்தாள். எண்பத்து மூன்று வயது. இரண்டு வாரமாக மகள் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியவள், நடந்தது எதுவும் தெரியாது. சகலை காரை எடுக்கப் போயிருந்தார். நான் கலசத்தோடு வாசலில் நின்றேன். அவள் துணியின் மேல் கையை வைத்தாள்.

"பத்து வருடம், ஐயா. வியாழக்கிழமைதோறும் துறையில் நாங்கள் இருவரும்தான். வீட்டில் இயந்திரம் இருந்தது, ஆனால் இயந்திரம் துணியை ஏமாற்றுகிறது என்பாள். அவளால் முழங்காலிட முடியாது, முட்டி வலி. அதற்காக அவள் கணவர் தனிகா மாட்டுக் கொட்டகையின் வாசற்படியைப் பெயர்த்து, டிராக்டரில் வைத்துக் கொண்டுவந்து நட்டுக் கொடுத்தார். முதல் நாள் அவள் துணியைத் தலைக்கு மேல் தூக்கி அடித்ததைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு! அப்புறம் நானே நின்றுகொண்டு துவைக்கக் கற்றுக்கொண்டேன்" என்றாள். பிறகு கலசத்தை லேசாகத் தட்டினாள். "உங்கள் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் துவைப்பாள். நான் கடலையே பார்த்ததில்லை. போய் வா, அமிர்தா. கடைசியில் போகிறாய் பார்."

நான் என்ன செய்தேன்? அவள் சொன்னதில் ஓரிடத்தில் பால் விகுதி தவறு. அதைக் கவனித்தேன். வேறு எதைக் கவனிப்பது என்று தெரியாமல் அதைக் கவனித்தேன்.

இந்தக் கல்லில் ஒரு தமிழ்ப் பெண் துவைத்திருக்கிறாள். என் அனுமானம் சரிதான் சார். இருநூற்றைம்பது வருடம்தான் பிசகிவிட்டது. என் மனைவியின் கூடப் பிறந்தவள். இருபத்தேழு வருடம் அந்த ஊரில் இருந்தவள். தேய்ந்த கல்லைப் பார்த்து எனக்குக் கப்பல் தோன்றியது, முற்றுகை தோன்றியது, பிரெஞ்சு அதிகாரி தோன்றினான். அமிர்தா தோன்றவில்லை. மூன்று வாரம் அவள் வீட்டில் சாப்பிட்டேன். அவள் அங்கே எப்படி இருந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரயிலடிக்குக் காரில் நாற்பது நிமிடம். பாதி தூரம் போனதும் கேட்டேன். "சகலை, அந்தக் கல்..."

"ம். நான் போட்டதுதான். தொண்ணூத்தேழுல."

"பின்னே நான் காத்தாயி என்று சொன்னபோது நீங்கள் ஏன்..."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்க என்னமா சொன்னீங்க சகலை! அப்படியே அவதான். பேச்சு புரியாதது, முட்டி போட முடியாதது, எல்லாரும் சிரிச்சது. கூடவே இருந்தேன், எனக்கு இப்படிச் சொல்ல வரல. அமிர்தா வாராவாரம் கோமளாகிட்ட பேசுவா. கோமளா உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கா, நேராச் சொன்னா நான் உடைஞ்சிடுவேன்னு வேற பேரு வச்சுக் கதையா சொல்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதான் தேதி கேக்கல."

நான் கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

"சாகற முன்னாடி என்ன வேணும்னு எங்கிட்ட அவ சொல்லவே இல்ல, சகலை. மனசுல அதுதான் முள்ளா இருந்துச்சு. கடலுக்குக் கொண்டுபோறதுன்னு நாமளாத்தான பேசி முடிவு பண்ணோம். அதனாலதான் அன்னிக்கு உங்களைக் கேட்டேன், ஊருக்குப் போகணும்னு கேக்கலையான்னு. இங்கயே விட்டுடுங்கன்னா அப்படீன்னீங்க. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

சொல்லுங்கள் சார், அந்தக் காரில் நான் வாயைத் திறந்திருக்க முடியுமா? திறக்கவில்லை. பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்று கோமளாவிடம் சொன்னேன் அல்லவா? அவர் கணக்கில் நான் பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறேன். சொன்ன செய்திதான் நேர்மாறு.

ரயிலடியில் கலசத்தை என் கையில் கொடுக்கும்போது அவர் சிரித்தார். "வாளியில எடுத்தீங்களே, கடையிலேருந்து திரும்பி வரும்போது பார்த்தேன். நல்லதுதான். அது அவ போன வருஷம் சலிச்சு வச்சது, பாத்திரம் தேய்க்க. எனக்கு எடுக்க மனசு வரல, அப்படியே இருந்துச்சு. கோமளாவுக்கும் அக்காவோடது ஏதாவது வேணும் இல்ல? அவகிட்டயும் நீங்கதான் பக்குவமா சொல்லணும், சகலை. உங்களுக்குத்தான் வரும்."

இருங்கள், போன் அடிக்கிறது. கோமளாதான்.

"ம்... காலாப்பட்டு தாண்டியாச்சு... ம்... சாப்பிட்டேன்... மடியிலதான்... ஆமா, மடியிலதான் இருக்கா... பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டியா? ஏன், நான் ஆட்டோவில்... சரி. சரி. வை."

கேட்டீர்களா? "அக்கா மடியில இருக்காளா"ன்னு கேட்டாள். இருக்கா என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

நேற்றிலிருந்து எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லாவிட்டால் நாளை விடியற்காலையில் கோமளா இடுப்பளவு தண்ணீரில் நின்று பாத்திரம் தேய்க்கிற சாம்பலைக் கும்பிட்டு அழுவாள். சொன்னால், இவள் அவருக்குப் போன் போடுவாள், அந்த மனிதர் அங்கே தனியாக உட்கார்ந்து, தான் விட்ட இடம் அவள் விட்டுவிடாதே என்ற இடம் என்று தெரிந்துகொள்வார். யாருக்கு வலிக்க வேண்டும் என்று நான்தான் தேர்ந்தெடுக்கப் போகிறேனாம். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த எனக்கு வலிக்க வேண்டும் என்று இரண்டு கணக்கிலும் வரவில்லை.

கதை இன்னும் கைவசம் இருக்கிறது சார், அதுதான் பயம். கோமளாவைப் பார்த்ததும் மூன்றாவதாக ஒன்று தானாக வாயில் வந்துவிடும். பாதி அங்கே, பாதி இங்கே என்று பிரித்துக் கொடுத்தார் என்று சொல்லலாம். எவ்வளவு அழகு! இப்போதுதான் தோன்றியது. பார்த்தீர்களா, தேதிகூடத் தயாராக இருக்கிறது.

இதோ, புது பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில், கையில் பூப்பந்து வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். தலைக்குக் குளித்திருக்கிறாள். அந்த நீலச் சேலை அமிர்தா போன தடவை வந்தபோது கொடுத்தது.

சார், ஓர் உதவி. இதை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும். இது என் கையில் இருந்தால் அவள் இதைப் பார்த்து அழ ஆரம்பித்துவிடுவாள், நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வேன், சுங்க அதிகாரியிடம் செய்த மாதிரி. வெறுங்கையோடு இறங்கினால் அக்கா எங்கே என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் தயாராகக் கதை இல்லை.

போய்ச் சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன். கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள், சார். அமிர்தா சலித்தது.